வாசல் வரை வந்தவர்கள்

பள்ளிக்கூடத்தில் பல வருஷங்கள் வேலை பார்த்தவர்களுக்கு ஓர் அநுபவம் உண்டு. கண் பரிசோதனைக்காக டாக்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டால், அன்று ஆஜரான பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பரிசோதனை நடந்துவிடும். கரும்பலகையில் எழுதியது தெரியாமல் மூன்று வருஷமாக 'மக்கு' என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த பையன்கூட அன்றைக்கு அகப்பட்டுவிடுவான். அவ்விதமின்றி, 'ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று கண்ணைக் காட்டவும்' என்று ஒரு சீட்டு எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பினால் என்ன நடக்கிறது? சீட்டு புத்தகப் பையின் அடியில் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தகப்பனாருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். தாயாருக்கோ அங்கே எந்த வாசலில் நுழைவது என்று தெரியாது. இப்படி நாம் கொடுத்தனுப்பிய சீட்டுகளில் பாதிக்கு மேல் பலனின்றிப் போனதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறோம். அந்தப் பெற்றோர்களுக்குப் பிள்ளைகளிடம் அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? அன்பு இருந்தது, தூரமும் இருந்தது. முடிவில் தூரமே ஜெயித்தது.

இந்தச் சின்ன விஷயத்தை முதலில் சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதே தூரந்தான் இன்று வடக்கே பஞ்சாபிலும், வடகிழக்கே மணிப்பூரிலும், வேறு பல இடங்களிலும், எத்தனையோ வாலிபர்களின் கல்லீரலைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. வியாதிக்கு மருந்து இருக்கிறது. மருந்துக்குக் காசும் வேண்டியதில்லை. வியாதியஸ்தரும் வாசல் வரை வந்துவிட்டார். ஆனால் அவருக்கு அந்த வியாதி இருக்கிறது என்பதை அவரும் அறியவில்லை. மருந்து கொடுக்கிறவர்களும் அறியவில்லை.

தினந்தோறும் ஒரு மாத்திரை

அமிர்தசரஸ், லூதியானா, இம்பால், ஐஸ்வால் முதலிய ஊர்களில், சர்க்கார் ஆஸ்பத்திரியின் ஒரு மூலையிலோ, தொண்டு ஸ்தாபனம் ஒன்றின் சிறிய அறையிலோ, காலை வேளையில் மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள். லாரி ஓட்டுகிறவர், வயலில் வேலை செய்கிறவர், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்று பலதரப்பட்டவர்கள். தாதி ஒரு மாத்திரையைக் கொடுப்பாள். அதை நாக்கின் அடியில் வைத்து, முழுவதும் கரையும் வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஆஜர்ப் புத்தகத்தில் பெயருக்கு நேரே குறிக்கப்படும். அவரவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் வருவார்கள். நிலைமை தேறியவர்களுக்குச் சில நாட்களுக்கான மாத்திரையைச் சேர்த்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கமும் இப்போது வந்திருக்கிறது.

அந்த மாத்திரையின் பெயர் ப்யூப்ரெநார்பின். அபின், ஹெராயின் முதலிய வஸ்துக்களுக்கு அடிமையானவர், அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் படும் வேதனை சாமானியமானதல்ல. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும், உடம்பெல்லாம் முறிக்கும், வயிறு பிடுங்கும், இரவில் தூக்கம் வராது. அந்த வேதனையைத் தணித்து, மறுபடி ஊசியைத் தேடி ஓடாதபடி மனிதனை நிலைநிறுத்துவதே இந்த மாத்திரையின் வேலை. 1960-களில் நியூயார்க் நகரத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு டாக்டர்கள் மெத்தடோன் என்னும் மருந்தைக் கொண்டு காட்டிய வழி இது. நம் தேசத்தில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் ஓர் அங்கமாக 2007 முதல் சர்க்கார் இதை மேற்கொண்டது. 'சிட்டா' என்று பஞ்சாபிகள் வெறுப்புடன் பெயரிட்டழைக்கும் வெள்ளைப் பொடி கிராமம் கிராமமாகப் புகுந்துவிட்ட நிலையில், அந்த ராஜ்யம் 2017 அக்டோபரில் இத்தகைய சிகிச்சை நிலையங்களைத் திறக்க ஆரம்பித்தது. இன்று அவை நூற்றுக்கணக்கில் நடக்கின்றன.

அபினுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் நேற்று வந்ததல்ல. 1820-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கங்கைக் கரையில் காஜிப்பூரில் அபின் தொழிற்சாலையை ஏற்படுத்தி, நம் குடியானவர்களைக் கசகசா பயிரிடச் செய்து, சீன தேசத்து ஜனங்களுக்கு அந்த விஷத்தை விற்றுப் பணம் சேர்த்தது. அஸ்ஸாம் ஜனங்களை அபின் எப்படிப் பாழாக்கியது என்பதை 1925-இல் காங்கிரஸ் ஒரு விசாரணை நடத்தி வெளியிட்டது. பிறர் லாபத்துக்காக வந்த தீமை என்று அன்று நாம் கண்டித்தோம். இன்று தீமையை ஒழிக்கும் பொறுப்பு நம்முடையது.

அந்தப் பொறுப்பின் பரிமாணத்தை 2019-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிக்கை ஒன்று எடுத்துக் காட்டியது. அபின் வகையைச் சேர்ந்த வஸ்துக்களை உபயோகிப்பவர்கள் தேசத்தில் 2 கோடி 26 லட்சம் பேர். அவர்களில் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலையில் உள்ளவர்கள் சுமார் 77 லட்சம் பேர். போதை வஸ்துவை ஊசியால் ஏற்றிக்கொள்கிறவர்கள் மட்டும் எட்டரை லட்சம் பேர். நாம் சொல்ல வந்த வியாதி இந்த ஊசியில்தான் குடியிருக்கிறது.

ஓசையில்லாத வியாதி

கல்லீரல் கெட்டால் மஞ்சள் காமாலை வரும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். கண் மஞ்சளித்தவுடன் கீழாநெல்லியைத் தேடுகிற வழக்கமும் நமக்கு உண்டு. ஆனால் ஹெபடைடிஸ் சி என்ற இந்த வியாதி பெரும்பாலோருக்குக் கண்ணையும் மஞ்சளாக்குவதில்லை; காய்ச்சலையும் கொண்டு வருவதில்லை. இரத்தத்தின் வழியாக உடம்பில் நுழையும் ஒரு நுண்ணிய வைரஸ், இருபது முப்பது வருஷங்கள் ஆரவாரமின்றி இருந்து, கல்லீரலைச் சிறிது சிறிதாகத் தழும்பாக்கி, கடைசியில் மகோதரத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடுகிறது. இருபது வயதில் நண்பன் கொடுத்த ஊசியை ஒரே ஒரு முறை குத்திக்கொண்டவன், பிறகு திருந்தி, மணம் புரிந்து, குழந்தை குட்டிகளுடன் நாற்பத்தைந்து வயதில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்கு வரும்போது, அந்தப் பழைய ஊசியின் ஞாபகமே அவனுக்கு இராது.

இந்த வைரஸுக்கு வெகு காலம் பெயர்கூட இல்லை. 1970-களில் அமெரிக்க டாக்டர் ஹார்வி ஆல்டர், இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளில் பலருக்குக் கல்லீரல் அழற்சி வருவதையும், அப்போது அறியப்பட்டிருந்த 'ஏ', 'பி' வகைகள் இரண்டும் அதற்குக் காரணமல்ல என்பதையும் கண்டார். 1989-இல் மைக்கேல் ஹௌட்டனும் அவருடைய சகாக்களும் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அது ஒன்றே இந்த வியாதியை உண்டாக்கப் போதும் என்று பிற்பாடு சார்ல்ஸ் ரைஸ் நிரூபித்தார். மூவருக்கும் 2020-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வியாதிக்கு இன்று வரை தடுப்பூசி கிடையாது.

உபயோகித்த ஊசிக் குழலுக்குள் தங்கும் துளி இரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாட்கள் வரை உயிரோடிருக்கக் கூடும் என்று பரிசோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள். இதனாலேயே ஊசியைப் பகிர்ந்துகொள்கிறவர்களிடையே இது காட்டுத் தீ போலப் பரவுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சாபில் இந்த வியாதி கண்டவர்களில் ஏராளமானோர் போதை வஸ்துவைத் தொட்டே அறியாதவர்கள். காய்ச்சலுக்கும் இடுப்பு வலிக்கும் ஊசி போட்டுக்கொண்ட கிராமத்துக் குடும்பஸ்தர்கள். சுத்தம் செய்யாத ஊசிக்குக் குற்றவாளி, நிரபராதி என்ற பேதம் தெரியாது. ஒரே தட்டில் உண்பதாலோ, கட்டித் தழுவிக்கொள்வதாலோ இது ஒட்டுவதுமில்லை.

மருந்து வந்த கதை

சுமார் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் வரை இதற்கு இருந்த சிகிச்சை, வியாதியைக் காட்டிலும் கொடியது என்று சொல்லும்படி இருந்தது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலும் மனச்சோர்வும் வாட்டும். அப்படியும் பலருக்குக் குணமாவதில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஸொபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அநுமதி கிடைத்தது. தினம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும். மாத்திரை ஒன்றின் விலை 1,000 டாலர்! 84 மாத்திரைக்கு 84,000 டாலர். உயிரைக் காக்கும் மருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வைரமாக இருந்தது.

கண்ணாடியை உடைத்தவர்கள் நம்மவர்கள் என்பதை நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். 2014 செப்டம்பரில் நம் தேசத்துக் கம்பெனிகள் ஏழு, இந்த மருந்தைத் தயாரித்து விற்க உரிமை பெற்றன. போட்டி வந்ததும் விலை மளமளவென்று இறங்கியது. 2016 ஜூனில் பஞ்சாப் சர்க்கார், தன் ஜனங்களுக்கு இந்தச் சிகிச்சையை இலவசமாக அளிக்க முற்பட்டது. முதல் சில வருஷங்களில் 48,000-க்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். சிகிச்சையை முடித்துப் பிற்பாடு பரிசோதனைக்கும் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பூரண குணமடைந்திருந்தார்கள். 2018 ஜூலை 28-ஆம் தேதி, உலக ஹெபடைடிஸ் தினத்தன்று, மத்திய சர்க்காரும் தேசிய அளவில் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

மருந்து இருக்கிறது, விலையும் இல்லை. பின் குறை எங்கே?

நூற்றுக்கு ஐந்து பேர்

குறை எங்கே என்பதை ஓர் ஆராய்ச்சி காட்டியது. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி புகுந்துவிட்டதை முதன்முதலில் சென்னையில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமனை நம் நேயர்கள் அறிந்திருப்பார்கள். அவர் சென்னையில் நிறுவிய ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும், 2013-இல் வடக்கிலும் வடகிழக்கிலும் மற்றப் பகுதிகளிலுமாக 15 நகரங்களுக்குச் சென்று, போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் 14,481 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 37 பேர் வீதம் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளம் காணப்பட்டது. அந்த அடையாளம் உள்ளவர்களில், தமக்கு அது இருக்கிறது என்று முன்பே அறிந்திருந்தவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர்! சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

அந்த ஆராய்ச்சி நடந்தபோது புதிய மாத்திரை வரவில்லை என்பது மெய்தான். ஆனால் மாத்திரை வந்த பிறகும், தன் வியாதியை அறியாதவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? 2022-இல் இந்தியாவில் 55 லட்சம் பேருக்கு இந்த வியாதி இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். போதை சிகிச்சை நிலையத்துக்கு வருகிறவரையோ தேட வேண்டியதில்லை. அவர் காலையில் தாமாகவே நம் வாசலில் வந்து நிற்கிறார்.

சீட்டின் பிரயாணம்

அப்படியிருந்தும் ஏன் தவறிப்போகிறார்? அவர் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

இந்த வியாதிக்குப் பரிசோதனை ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு செய்வது. சுமார் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் வைரஸ் எப்போதோ உடம்பில் நுழைந்தது என்பதை மட்டுமே அது தெரிவிக்கும். தொற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவிகிதம் பேருக்கு உடம்பே அதை விரட்டியடித்துவிடுகிறது. மருந்தால் குணமானவர்களுக்கும் அந்தப் பழைய அடையாளம் ஆயுள் உள்ளவரை இரத்தத்தில் இருக்கும். ஆகவே, வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று அறிய இரண்டாவது பரிசோதனை அவசியம். அதற்கு யந்திரம் வேண்டும்.

சில நிலையங்களில் முதல் பரிசோதனையை அங்கேயே செய்கிறார்கள். வேறு இடங்களில் அதற்கும் சீட்டுதான். சீட்டை எடுத்துக்கொண்டு நம் மனிதர் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஒரு நாள் கூலி போயிற்று. அங்கே வரிசையில் நிற்கிறார். இரத்தம் எடுக்க வந்தவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வருஷக் கணக்காக ஊசி ஏறிய கையில் நரம்பு எங்கே அகப்படும்? நான்கு இடங்களில் குத்தியும் இரத்தம் வராமற் போகவே, 'இதெல்லாம் நீயே தேடிக்கொண்டதுதானே?' என்ற ஒரு சொல்லும் வந்து விழுகிறது. குத்திய வலி அன்றே போய்விடும். சொன்ன சொல் போவதில்லை. எப்படியோ எடுத்த இரத்தம் வேறிடத்துப் பரிசோதனைச் சாலைக்குப் போகிறது. முடிவு தெரிய ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். அது வந்தால் கல்லீரலின் நிலைமையை அறிய வேறு சோதனைகள். அதன் பிறகுதான் மாத்திரை.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: இந்த நான்கு படிகளில், ஒவ்வொரு படியிலும் பத்தில் மூன்று பேர் மட்டும் விலகிப்போகிறார்கள். நூறு பேர் எழுபதாவார்கள், எழுபது நாற்பத்தொன்பதாகும், அது முப்பத்துநான்காகும், கடைசியில் மாத்திரையைக் கையில் வாங்குகிறவர்கள் இருபத்துநான்கு பேர்தான். எந்தப் படியிலும் யாரும் பெரிய தவறு செய்யவில்லை. ஆனால் எழுபத்தாறு பேர் போய்விட்டார்கள்.

இதற்கு நிர்வாகக் காரணமும் ஒன்று உண்டு. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கான மாத்திரை எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் பொறுப்பு. ஹெபடைடிஸ் சிகிச்சை மற்றொரு திட்டத்தின் பொறுப்பு. போதை மறுவாழ்வு இல்லங்களில் பல வேறோர் இலாகாவின் கீழ் உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு, தனிச் சீட்டு. மனிதன் ஒருவன்தான், அவனுடைய கல்லீரல் ஓர் இலாகாவுக்கும், அவனுடைய அடிமைத்தனம் மற்றோர் இலாகாவுக்கும் என்று பாகம் பிரித்தாகிவிட்டது!

ஒரே கூரையின் கீழ்

வழி இல்லாமலில்லை. இரண்டாவது பரிசோதனைக்கு வேண்டிய யந்திரம் இன்று ஒரு மேஜைமேல் அடங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிடுகிறது. அவ்வகை யந்திரத்தைக் கோவாவிலுள்ள ஒரு சுதேசிக் கம்பெனியே தயாரிக்கிறது. காச நோயைக் கண்டறிவதற்காக இத்தகைய யந்திரங்கள் தேசமெங்கும் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கின்றன; அதே யந்திரத்தில் வேறொரு சில்லைச் செருகினால் ஹெபடைடிஸையும் சோதிக்கலாம். காலையில் மாத்திரைக்கு வருகிறவரிடம், 'சிறிது உட்காருங்கள்' என்று சொல்லி, ஒரு தம்ளர் தேநீரும் கொடுத்து, அவர் வீட்டுக்குப் போகுமுன் முடிவைச் சொல்லிவிட முடியும். பிறகு, போதை நீக்க மாத்திரையோடு கூடவே கல்லீரல் மாத்திரையையும் அதே ஜன்னலில், அதே தாதியின் கையால் கொடுக்கலாம். தினமும் ஆஜராகிறவருக்குப் பன்னிரண்டு வார மருந்தைத் தவறாமல் கொடுக்க இதைவிட நல்ல இடம் வேறு உண்டா?

மணிப்பூரில் இந்த மாதிரியே, வைரஸ் இருப்பதைக் கண்ட அன்றே சிகிச்சையையும் ஆரம்பிக்கும் முறையை, ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடையே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 2022-இல் உலக சுகாதார ஸ்தாபனமும், ஹெபடைடிஸ் சி பரிசோதனையையும் சிகிச்சையையும் போதை சிகிச்சை நிலையங்களிலேயே சேர்த்து நடத்தும்படியும், பெரிய நிபுணர்களுக்காகக் காத்திராமல் பயிற்சி பெற்ற மற்ற டாக்டர்களும் தாதிகளும் அதைச் செய்யலாம் என்றும் சிபாரிசு செய்தது. எகிப்து தேசத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஒட்டுண்ணி நோய் ஒன்றுக்காகச் சர்க்காரே போட்ட ஊசிகளின் வழியாக அங்கே இந்த வியாதி பரவியது. அதே தேசம் 2018 அக்டோபரிலிருந்து 2019 ஏப்ரல் வரை, ஜனங்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டுக் காத்திராமல், ஜனங்கள் இருக்கும் இடத்துக்குச் சென்று, சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்துவிட்டது. அவர்கள் தூரத்தை ஜெயித்தார்கள்.

ஓர் ஆக்ஷேபணை

'மறுபடியும் ஊசி போட்டுக்கொண்டு மறுபடியும் வியாதியைத் தேடிக்கொள்கிறவர்களுக்கு ஜனங்களின் வரிப் பணத்தை ஏன் செலவிட வேண்டும்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விக்கு நியாயமாகவே பதில் சொல்ல வேண்டும். குணமானவருக்கு மறுபடி தொற்றும் அபாயம் உண்டுதான். ஆனால் நாம் பேசுவது மாத்திரைக்காக வரிசையில் நிற்பவர்களைப் பற்றி. அதாவது, விட்டுவிட வேண்டும் என்று உறுதிகொண்டு வந்தவர்களைப் பற்றி. அந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றும் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று பல தேசங்களின் ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். புதிய மருந்தும் அவர்களுக்கு மற்றவர்களைப் போலவே பலிக்கிறது. ஒருவர் குணமானால், அவரிடமிருந்து தொற்றக்கூடியவர் அத்தனை பேரும் காப்பாற்றப்படுகிறார்கள். இன்று சில மாத்திரைகளில் தீரக்கூடியதை விட்டுவிட்டு, இருபது வருஷம் கழித்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பது எந்தச் சிக்கனத்தில் சேரும்?

இதற்கும் மேலான காரணம் ஒன்று இருக்கிறது. எல்லாராலும் தள்ளிவைக்கப்பட்ட ஒரு மனிதனிடம், 'உன் இரத்தத்தையும் சோதித்துப் பார்த்துவிடுவோம். இதற்கும் மருந்து இருக்கிறது' என்று சொல்வது, அவன் இன்னும் முப்பது வருஷம் வாழப் போகிறவன் என்று நாம் நம்புவதாகச் சொல்வதாகும். அந்த நம்பிக்கையைப் பிறர் கொடுத்தாலொழிய அவனுக்குத் தானாக எங்கிருந்து வரும்?

நம் வீடுகளிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தானம் செய்த இரத்தத்தில் இந்த வைரஸைச் சோதிக்கும் வழக்கம் வருவதற்கு முந்திய நாட்களில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், சுத்தம் தெரியாத இடங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் ஒரு முறையாவது பரிசோதித்துக்கொள்வது நலம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நாம் வெட்கமின்றிப் பரிசோதித்துக்கொண்டால், அந்த வரிசையில் நிற்கும் வாலிபனுக்கும் வெட்கம் சிறிது குறையும்.

சுதேசி மருந்து இருக்கிறது. சுதேசி யந்திரம் இருக்கிறது. சர்க்காரின் திட்டமும் இருக்கிறது. வியாதியஸ்தரும் தினந்தோறும் வாசலுக்கு வந்து ஆஜர் கொடுக்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வந்துவிட்டான் என்று ஆஜர்ப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, பாடம் வேறு ஊரில் நடக்கிறது என்று சொல்லி அனுப்பினால் பெற்றோர்கள் நம்மைச் சும்மா விடுவார்களா? பாடம், பிள்ளை வந்து உட்கார்ந்த இடத்திலேதான் நடக்க வேண்டும். வாசல் வரை வந்தவரை உள்ளே அழைத்து, அந்த ஒரு சொட்டு இரத்தத்தையும் அங்கேயே பார்த்துவிடுவோம்.